டச் டிசைனரும் கோட்டை மான்களும்: சில வருஷப் பழக்கத்துக்குப் பிறகு

இயற்கைக் காட்சியையும் கணினியையும் சேர்த்துச் செய்யும் கலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தோக்கியோவின் டீம்லேப் குழுதான். 2018இல் ஒடைபாவில் திறந்து, 2022இல் மூடி, 2024இல் அசபுடாய் ஹில்ஸில் மறுபடி திறந்த அவர்களுடைய கண்காட்சியின் வீடியோ ஏதாவது ஒன்று எல்லோருடைய போனுக்கும் வந்திருக்கும். தரையெல்லாம் பூ, சுவரெல்லாம் அருவி. அதைப் பார்த்துவிட்டு நாமும் ஏதாவது செய்தால் என்ன என்று தேடத் தொடங்குபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்று டச் டிசைனர் (TouchDesigner) என்ற மென்பொருள். நானும் அப்படி வந்தவன்தான். திருகோணமலையில் இருந்துகொண்டு சில வருஷமாக அதைப் பாவிக்கிறேன். அந்த அனுபவம்தான் இது.

டொரொண்டோவில் உள்ள டெரிவேட்டிவ் நிறுவனம் வெளியிடும் மென்பொருள் இது. வரி வரியாக நிரல் எழுதத் தேவையில்லை. சின்னப் பெட்டிகளை எடுத்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். படத்தைக் கையாளும் பெட்டிகள் ஊதா நிறம், எண்களும் ஒலியும் ஓடுகிறவை பச்சை, முப்பரிமாண உருவங்கள் நீலம். ஒரு எண்ணை மாற்றினால் மாற்றம் அந்த நிமிஷமே திரையில் தெரியும். ரெண்டர் (கணினி கணக்குப் போட்டுப் படத்தை உருவாக்குவது) போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும் பழக்கம் இதோடு எனக்கு விட்டுப்போனது. மைக்கில் விழும் சத்தத்துக்கு அலை எழும்ப வேண்டுமா, கமராவுக்கு முன்னால் ஆள் நடந்தால் புல் சாய வேண்டுமா, எல்லாம் வயர் இழுக்கிற வேலைதான். பைதன் என்ற நிரல்மொழியும் உள்ளே இருக்கிறது. நான் அதை அபூர்வமாகத்தான் தொடுகிறேன்.

இலவசப் பதிப்பே ஒருவருக்குப் போதும். அதில் படம் அகலத்திலும் உயரத்திலும் 1280 புள்ளிகளைத் தாண்டாது. 4கே திரை வைத்திருப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியலாம். நான் வாடகைக்கு எடுக்கும் புரொஜெக்டரே 1280க்கு 800தான், அதனால் எனக்கு இது உறைக்கவே இல்லை. உறைத்தது இன்னொரு விதி: இலவசப் பதிப்பில் செய்ததை வைத்துக் காசு உழைக்கக் கூடாது. கலியாண மண்டபம் ஒன்றில் மேடைக்குப் பின்னால் திமிங்கிலம் நீந்த வேண்டும் என்று ஒருவர் கேட்டார், நல்ல காசும் சொன்னார். வணிகப் பதிப்பு அப்போது 600 அமெரிக்க டொலர். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்தத் தொகையை நம்முடைய காசுக்கு மாற்றிப் பார்க்கவே மனம் வரவில்லை. திமிங்கிலம் நீந்தவில்லை, மண்டபத்தில் வழக்கமான பிளாஸ்டிக் பூதான் தொங்கியது.

அதே 2022இல் சில நாட்கள் 13 மணி நேரம்கூடக் கரண்ட் இல்லை. அப்போதுதான் இந்த மென்பொருளின் ஒரு நல்ல குணம் தெரிந்தது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய கோப்பின் மேல் எழுதாமல், கோப்புப் பெயரில் அடுத்த எண்ணைப் போட்டுப் புதிதாக ஒன்றை வைக்கும். மென்பொருள் தானாக விழுந்தால் விழுகிற நேரத்து நிலையையும் ஒரு கோப்பாக வைத்துவிட்டுத்தான் போகும். ஆனால் கரண்ட் போய் மெஷின் அணைந்தால் அந்த வசதி கிடையாது, கடைசியாகக் கைப்பட சேமித்ததுதான் மிச்சம். என் லேப்டொப் பற்றரி கிராஃபிக்ஸ் வேலைக்கு அரை மணித்தியாலம் தாங்கினால் பெரிய விஷயம். கன்ட்ரோலோடு எஸ்ஸை அழுத்துவது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

சூடு வேறு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் கனமான வேலை எதுவும் வேண்டாம். லேப்டொப் சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வினாடிக்கு 60 படம் ஓடியது 20க்கு இறங்கும். அலை நொண்டும். இரவில் வேலை செய்வதே நல்லது.

சரி, கலை விஷயத்துக்கு வருவோம்.

இந்த மென்பொருளைத் திறந்தவுடன் எல்லோரும் முதலில் எடுப்பது 'நொய்ஸ்' பெட்டியை, அதாவது ஒழுங்கில்லாத மேடுபள்ளங்களைத் தானாக உருவாக்கும் பெட்டியை. கணினிப் படங்களில் மேகம், தண்ணீர், மலை, தீ என்று எதைப் பார்த்தாலும் பின்னால் அனேகமாக ஏதோ ஒருவகை நொய்ஸ் இருக்கும். கென் பேர்லின் என்ற கணினி விஞ்ஞானி 1983இல் உருவாக்கிய கணக்கு இதற்கு மூலம். 1997இல் அவருக்கு அதற்காக ஹொலிவூட் அகாடமியின் தொழில்நுட்ப விருதே கிடைத்தது. ஒரு நொய்ஸ், அதற்கு மேல் நீல நிறம், கொஞ்சம் அசைவு, கடல் தயார். பத்து நிமிஷம் ஆகாது. பார்க்க வடிவாகவும் இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால், பெர்லினில் இருப்பவர் செய்த கடலும், சியோலில் இருப்பவர் செய்த கடலும், எங்கள் ஊர் 'டச் பே' கடற்கரையில் குளித்து வளர்ந்த நான் செய்த கடலும் ஒரே கடல். நொய்ஸ் கடலுக்குக் கரை கிடையாது. எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி புரண்டுகொண்டே இருக்கும், எங்கும் வந்து சேராது. டச் பேயில் நின்று பத்து நிமிஷம் பாருங்கள். அலை வந்து நுரைத்துத் திரும்பியதும் ஈரமண்ணில் ஒரு கருமையான விளிம்பு விழும். அடுத்த அலை அந்த விளிம்பைத் தொடாவிட்டால் அது மெல்ல வெளுத்துப்போகும். கண் அலையைவிட அந்தக் கோட்டைத்தான் பின்தொடர்கிறது. அதனால் நொய்ஸை எறிந்துவிட்டு, போனில் எடுத்த கரை வீடியோவிலிருந்து நுரையின் ஓரத்தை மட்டும் பிரித்தெடுத்தேன். முந்தைய படத்தையே மறுபடி உள்ளே ஊட்டும் 'ஃபீட்பெக்' பெட்டியில் அந்த ஓரத்தின் தடம் தங்கித் தங்கி மங்கும்படி செய்தேன். மென்பொருள் செய்தது மங்கலை மட்டும்தான். கோடு கடலுடையது.

நீண்ட காலம் பாவித்த பிறகு டச் டிசைனர் பற்றி என் கருத்து இதுதான்: அசைவு வேண்டுமா, அள்ளித் தரும். இயற்கையை நாம்தான் வெளியே போய்க் கொண்டுவந்து போட வேண்டும். யூடியூப் பாடங்களோடு நிற்பவர்கள் செய்வதெல்லாம் ஒரே சாயலில் இருப்பதற்குக் காரணம், அவர்கள் கொண்டுவந்து போட ஒன்றும் இல்லாததுதான்.

மான் விஷயம் இதைவிடச் சுவாரஸ்யம். ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேஸ்வரத்துக்கு ஏறும் பாதையில் புள்ளிமான்கள் நிற்பதை இந்த ஊருக்கு வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். மாலையில் டவுனுக்குள்ளும் இறங்கிவரும். 1952இல் கணிதவியலாளர் அலன் டூரிங் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு இரசாயனங்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவினால், ஒரே சீரான பரப்பில்கூடப் புள்ளியும் கோடும் தாமாகவே தோன்றலாம் என்று கணக்கில் காட்டினார். விலங்குகளின் தோலில் உள்ள வடிவங்களை விளக்க அது ஒரு வழி. டச் டிசைனரில் இதன் சுருக்கமான ஒரு வடிவத்தை ஐந்தாறு பெட்டியில் கட்டிவிடலாம்: ஒரு படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கு, அதே படத்தை இன்னும் நிறைய மங்கலாக்கு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி, மிச்சத்தைக் கறுப்பு வெள்ளையாக வெட்டு, அதை மறுபடி தொடக்கத்துக்கே ஊட்டு. சில வினாடியில் கிட்டத்தட்ட வெறுமையான திரையில் புள்ளிகள் முளைத்துப் பரவும். முதல் முறை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஆனால் அது மான் ஆகாது. எங்கும் ஒரே இடைவெளியில் புள்ளி, ஏதோ சிறுத்தைக்கும் சேலைக்கும் நடுவில் ஒன்று. கோட்டை மானை அருகில் நின்று பாருங்கள், அவை மனிதருக்குப் பழகியவை, ஓடாது. முதுகின் நடுவில் கருத்த பட்டை ஒன்று ஓடும். அதன் இரு பக்கமும் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். விலாவில் சிதறும். வயிற்றுக்கு அருகே மறுபடி வரிசையாகி, சில மான்களில் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாகவே போகும். அதைக் கொண்டுவர, அகலவாக்கில் மங்கலாக்குவதையும் உயரவாக்கில் மங்கலாக்குவதையும் தனித்தனியாக மாற்றினேன். முதுகுப் பக்கம் நீளவாக்கில் கூடுதலாக மங்கினால் புள்ளிகள் வரிசைப்படும், நடுவில் இரண்டு திசையும் சமம், கீழே மறுபடி நீளம். எங்கே எவ்வளவு என்று சொல்ல ஒரு சாம்பல் நிறப் படம். அந்தப் படத்தைப் போனில் எடுத்த மான் படங்களுக்கு மேலே வைத்துக் கையால் வரைந்தேன். கோட்டை இராணுவம் இருக்கும் இடம், ட்ரைபொட் வைத்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை, எல்லாம் நடந்துபோகும்போது எடுத்த படங்கள்தான்.

இதை உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் ஓடவிட்டோம். திரைக்குப் பழைய நுளம்பு வலை. இதை யாரும் பாடத்தில் சொல்வதில்லை, ஆனால் புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது செய்து பாருங்கள். வெளிச்சத்தில் பாதி வலையில் நிற்கும், மீதி ஊடுருவிப் பின்னால் உள்ள மதிலில் பெரிதாக விழும். இரண்டு வலையை இடைவெளி விட்டுக் கட்டினால் புள்ளிகள் காற்றில் மிதக்கும். வலை ஆடினால் மான் மூச்சு விடுகிறமாதிரி இருக்கும், அதற்கென்று ஒரு பெட்டிகூட வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமி கதிரையைப் போட்டு உட்கார்ந்து நல்ல நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, மான் வடிவாத்தான் இருக்கு. உங்கட மான் பொலித்தீன் தின்னாதோ?"

"இல்லை மாமி."

"அப்ப அது கோட்டை மான் இல்லை."

எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் ஆகச் சிறந்தது அதுதான். இங்கே மான்கள் குப்பையைக் கிளறுவதும் பொலித்தீனை விழுங்குவதும் ஊருக்கே தெரியும். அடுத்த வடிவத்தில் கசங்கிய சொப்பிங் பேக் ஒன்றைப் பின்னால் லைட் வைத்துப் படம் எடுத்து, அதன் மடிப்புகளில் புள்ளிகள் சறுக்கும்படி செய்தேன். தூரத்தில் தோல், கிட்டே வந்தால் பை. மாமிக்கு இன்னும் காட்டவில்லை.

செடியைத் தொட்டால் திரையில் செடி வளர்வது புதிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கிறிஸ்டா சொம்மரர், லோரன்ட் மின்யொனோ என்ற இரண்டு கலைஞர்கள் 1992இலேயே உண்மையான செடிகளை வைத்து அதைச் செய்துவிட்டார்கள். ஆர்டுயினோ என்ற சின்ன மின்சுற்றுப் பலகை ஒன்றும் வயரும் இருந்தால் இன்று வீட்டில் செய்யலாம். நான் குரோட்டன் சட்டியில் செய்தேன், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நம்முடைய ஈரக்காற்றில் சென்சர் காட்டும் எண் மாலைக்கும் இரவுக்கும் மாறிப்போகும், காட்டுவதற்குச் சற்று முன்னால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். திமிங்கில ஒலியை வைத்துச் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும், கரையிலிருந்து வெகுதூரம் போகாமலே நீலத் திமிங்கிலம் தெரிகிற ஊர் இது. ஆனால் அதன் குரல் மிகத் தாழ்ந்தது, சாதாரண ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது. நான் ஒலியைக் கேட்கவிடாமல் அலையின் உயரத்துக்கு மட்டும் வயர் இழுத்தேன். சுமாராக வந்தது.

குறைகள் என்று சொன்னால்: லினக்ஸில் ஓடாது. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத லேப்டொப்பில் திறக்கலாம், ரசிக்க முடியாது. அப்படியான மெஷின் உள்ளவர்கள் 2001இல் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய புரொசெசிங் என்ற மென்பொருளோடு ஆரம்பிக்கலாம். அது முழுக்க இலவசம், காசு உழைக்கவும் தடையில்லை, ஆனால் நிரல் எழுத வேண்டும். டச் டிசைனரின் புதிய பதிப்பு வந்தால், காட்சி முடியும் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். முதல் முறை உரிமச் சாவி போட மட்டும் இணையம் வேண்டும், அதன்பிறகு டேட்டா இல்லாமலே ஓடும்.

உப்புக்காற்றுக்கு மென்பொருள் என்ன செய்யும். எச்டிஎம்ஐ கேபிளின் முனை ஒரு மாரிக்குள் பச்சை பிடித்துவிடும். கேபிள்களைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். புரொஜெக்டர் பழையதாக வாங்குவதானால், மெனுவுக்குள் போய் லாம்ப் எத்தனை மணித்தியாலம் எரிந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள், பிறகு விலையைக் கதையுங்கள். அந்த எண்ணைச் சிலர் பூச்சியத்துக்கு மாற்றியும் வைப்பார்கள், அதனால் இருட்டில் ஒரு வெள்ளைச் சுவரில் போட்டு, ஓரங்கள் மஞ்சளாகத் தெரிகிறதா என்றும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.