இபேர்டா, ஐநேச்சுரலிஸ்ட்டா?

இயற்கையைக் கவனிக்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டும் நாம் பார்க்கும் உயிரினங்களைப் பதிவுசெய்யும் செயலிகள்; இபேர்டு பறவைகளுக்கு மட்டும், ஐநேச்சுரலிஸ்ட் செடி, பூச்சி என எல்லாவற்றுக்கும். இரண்டும் இலவசம், இரண்டின் பதிவுகளையும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் கேட்கும் உழைப்புதான் வேறு.

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இபேர்டுக்குப் படம் கட்டாயமில்லை. ஏரிக்கரையில் ஒரு 15 நிமிடம் நின்று, பார்த்ததும் குரல் கேட்டதுமாக எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். காக்கைதானே, மைனாதானே என்று எதையும் விடக்கூடாது. முழுப் பட்டியல் என்று குறித்துவிட்டால், அதில் சிட்டுக்குருவி இல்லை என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பும் இபேர்டில்தான் பதிவாகிறது. ஆனால் பறவையை நாமே இனங்காணத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐநேச்சுரலிஸ்ட்டில் அந்தக் கவலை இல்லை. தட்டானோ எருக்கம்பூவோ, படத்தை ஏற்றினால் செயலியே ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். உச்சாணிக் கிளைக் குருவி மட்டும் கைபேசிப் படத்தில் வெறும் புள்ளியாகத்தான் விழும்.

பிள்ளைகளோடு நடப்பவர்கள் ஐநேச்சுரலிஸ்ட்டில் தொடங்குங்கள். வீட்டருகே குளம் இருந்தால், வாரம் ஒருமுறை அதே கரையில் நின்று இபேர்டில் பட்டியல் போடுங்கள். கொக்கும் நாரையும் உள்ளான்களும் எந்த மாதம் வருகின்றன, எப்போது கிளம்புகின்றன என்பது அதிலேயே தெரியவரும்.