மொட்டை மாடிக் கம்பியும் உப்புக் காற்றும்: நாலு வருட ஷார்ட்வேவ் அனுபவம்

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது தொங்குவது மூன்றாவது ஏரியல், அதாவது தூரத்து நாட்டு ஷார்ட்வேவ் நிலையங்களைப் பிடிக்கும் கம்பி. முதல் இரண்டும் என் அவசரத்தால் போனவை.

முதலில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வைண்டிங் கம்பி (எனாமல் பூசிய செப்புக் கம்பி) வாங்கினேன். 30 மீட்டர். தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெருமுனை வேப்பமரம் வரை இழுத்து, மீதியை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து ரேடியோவின் ஏரியல் துளையில் நேராகச் சொருகினேன். நீளம் கூடினால் நிலையங்களும் கூடும் என்ற கணக்கு. ஆனால் ஷார்ட்வேவில் எங்கே திருப்பினாலும் உள்ளூர் வானொலிதான் பேசியது! ஊரிலேயே 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் மீடியம்வேவ் டிரான்ஸ்மிட்டர் இருக்கும்போது 30 மீட்டர் கம்பி கட்டினால் கையடக்க ரேடியோ திணறாமல் என்ன செய்யும்? கம்பியைப் பாதியாக வெட்டி, மீடியம்வேவைத் தடுக்கும் ஒரு சின்ன ஃபில்டரை இடையில் போட்டேன். அந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது.

அப்புறம்தான் அடுத்த தலைவலி தெரிந்தது: இரைச்சல். பாண்டு (அலைவரிசைப் பகுதி) முழுக்க 'உர்ர்ர்' என்று ஒரே சத்தம். ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டேன். 10,000 கிலோஹெர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையம் நொடிக்கு ஒரு 'டிக்' என்று தெளிவாக விழுந்தது. இருட்டில் அம்மா, "கேட்டது போதும்டா, ஃபேனைப் போடு" என்றார். ஃபேனைப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சமையலறை எல்இடி பல்பு எரிந்ததும் 'டிக்' பாதி முழுகியது. மோடத்தின் அடாப்டரைச் சொருகியதும் மொத்தமாகப் போய்விட்டது.

எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. ஜன்னலுக்கு உள்ளே வரும் கம்பியும் ஏரியல்தான். வீட்டு இரைச்சலைக் குடிப்பது அந்தத் துண்டுதான். அதனால் கம்பியை மாடியிலேயே நிறுத்தினேன். அங்கே ஃபெரைட் வளையத்தில் சுற்றிய 9:1 டிரான்ஸ்பார்மர். அது ஏறத்தாழ 450 ஓம் கம்பியை 50 ஓம் கேபிளுக்கு இசைய வைக்கிறது. அங்கிருந்து கீழே கோஆக்சியல் கேபிள், டிவி கேபிள் மாதிரி நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ளது. அந்தப் பின்னலை, தோட்டத்தில் தனியாக அடித்த எர்த் ராடில் கட்டினேன். அந்த எர்த் ராடுதான் நான் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது. மறுநாள் விடியற்காலை 31 மீட்டர் பாண்டில் (9.7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) பல்பை அணைக்காமலேயே நிலையங்களைக் கேட்டேன்.

சரி, முடிந்தது என்று இருந்தால் எட்டே மாதத்தில் உப்புக் காற்று வந்து கணக்குக் கேட்டது. எனாமல் உரிந்த இடமெல்லாம் பச்சை பூத்து, ஆடிக் காற்றில் இணைப்பு பட்டென்று அறுந்தது. கேபிள் முனையை வெட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் ஏறி உலோகப் பின்னல் கருத்திருந்தது. இரண்டாவது ஏரியலின் கதை அப்படி முடிந்தது.

இப்போது இருப்பது பிவிசி உறையுள்ள பலஇழைக் கம்பி, 15 மீட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப். கம்பியை மரத்தோடு இழுத்துக் கட்ட முதலில் போட்ட, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு ஒரு கோடை வெயிலுக்கே பொடிப்பொடியாக உதிர்ந்தது. துறைமுகப் பக்கம் படகுக்காரர்கள் வாங்கும் நைலான் கயிறு மூன்றாவது வருடமாக அப்படியே இருக்கிறது. மரத்தடியில் கயிற்றை இறுக்கிக் கட்டுவதில்லை. ஒரு கப்பி, அதில் மணல் நிரப்பிய கேன். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும், கம்பி அறுவதில்லை. காக்கைகளுக்கு மட்டும் ஏனோ அந்தக் கேன்மேல் தீராத சந்தேகம்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இபி கம்பிக்கு மேலேயோ பக்கத்திலேயோ இழுத்துவிட வேண்டாம். அறுந்தால் அதன்மேல் விழாத இடமாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி படுக்கும்முன் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுகிறேன். இடி இறங்கினால் இந்த எர்த் ராடு காப்பாற்றாது.

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியை நிறுத்திவிட்டது. இனி ஷார்ட்வேவில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் கிடையாது. ரேடியோ ரொமேனியாவின் ஆங்கில ஒலிபரப்பு எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்து 31 மீட்டர் பாண்டுக்கென்றே ஒரு டைபோல் (நடுவில் கேபிள் சேர்த்து இரு பக்கமும் சமமாக நீட்டிய ஏரியல்) கட்ட ஆசை. 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நீளம் மீட்டரில் வரும், 9.7-க்கு 14.7 மீட்டர். கம்பி தயார். மறுமுனையைக் கட்டத்தான் இடமில்லை. பக்கத்து வீட்டு அக்கா தாராளமாகத் தன் மரத்தைக் காட்டினார். அது முருங்கை மரம்.