மகனின் முதல் காருக்கு 1966 மஸ்டாங் வாங்கி ஏமாந்தோம்

டெட்ராய்ட் பக்கத்தில் வசிக்கிறோம். பள்ளி முடிக்கும் மகனுக்கு முதல் கார் பழைய மசில் காராக, அதாவது பெரிய என்ஜின் போட்ட வேகமான அமெரிக்கக் காராக இருக்க வேண்டும் என்று ஆசை. செவெல், ஜிடிஓ போன்ற மசில் கார்கள் எல்லாம் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஃபோர்டின் மஸ்டாங்கை மசில் கார் என்றே கறாரானவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும், கூப்பே (கூரை நிலையான இரு கதவு) மாடல் என்றால் விலையும் கட்டுப்படியாகும் என்று அதில் இறங்கினோம்.

ஒஹாயோவில் பழைய கார்கள் விற்கும் ஒரு கடை, ‘தொழிற்சாலையிலிருந்தே வி8, துருவே கிடையாது’ என்று விளம்பரம் போட்டிருந்தது. 1966 மாடல், 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், பதினெட்டாயிரம் டாலர். நேரில் போனோம். பெயின்ட் கண்ணாடிபோல் பளபளத்தது. என்ஜினைக் கிளப்பியதும் மகனின் முகத்தைப் பார்த்தேன், அதற்குமேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கதவில் இருக்க வேண்டிய, காரின் விவரம் பொறித்த தகட்டைக் காணோமே என்றதற்கு, பெயின்ட் அடிக்கும்போது கழற்றியது என்றார்கள். ‘உள்ளது உள்ளபடி’ விற்பனை என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மஸ்டாங்கையே வேலையாகச் செய்யும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. முதலில் சக்கர மூடியைக் கழற்றினார். நான்கே நட்டுகள். அந்தக் காலத்தில் ஃபோர்டு ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு நான்கு நட்டும், வி8க்கு ஐந்து நட்டும் வைத்தது. நாங்கள் வாங்கியது ஆறு சிலிண்டர் கார். 120 குதிரைத்திறனுக்குச் செய்த வண்டியில் 200 குதிரைத்திறன் என்ஜினை இறக்கிவிட்டு, பிரேக்கையும் பின் ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். வி8க்குப் பத்து அங்குல பிரேக் டிரம் வர வேண்டிய இடத்தில் ஒன்பது அங்குல டிரம். இதைத்தான் பதினேழு வயதுப் பையன் ஓட்டுவதற்கென்று தெரிந்தே விற்றார்கள். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

தொழிற்சாலை பொறித்த வண்டி அடையாள எண்ணே உண்மையைச் சொல்லியிருக்கும். அந்த ஆண்டு மஸ்டாங்கில் ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்துதான் என்ஜினைக் குறிக்கும். எங்கள் எண் 6எஃப்07டி என்று தொடங்குகிறது: 1966, டியர்பார்ன் ஆலை, கூப்பே, ஆறு சிலிண்டர். 289 என்றால் சி, ஏ, கே என்ற மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். கதவுத் தகடு இல்லாவிட்டாலும் பானட்டைத் திறந்தால், ஓட்டுநர் பக்கத்து உள்தகட்டின் மேல்விளிம்பில் அந்த எண் பொறித்திருக்கும். உரிமைப் பத்திரத்திலும் அதே எண். அது என் பையில்தான் இருந்தது.

பிறகு மெக்கானிக் ஒரு சின்னக் காந்தத்தை மகன் கையில் கொடுத்தார். பின் சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு அது ஒட்டவே இல்லை, அத்தனையும் தடிமனாகப் பூசிய பட்டி (நிரப்புப் பசை). முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றி முடிப்பதற்குள் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சொட்டத் தொடங்கியது. உள்ளே துருப்பிடித்துக் கால்வைக்கும் தரைவரை அரித்திருந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் புதுத் தகடு, அதன் அடியில் பழைய ஓட்டை.

ஒழுங்கான 1966 மஸ்டாங் கிடைத்தாலும், அதில் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே பாதைதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 மாடலிலிருந்துதான் இரட்டைப் பாதை வந்தது. பெல்ட்டும் இடுப்புக்கு மட்டுமே. காப்பீட்டையும் முன்கூட்டியே விசாரியுங்கள். பழைய கார்களுக்கான பாலிசி கேட்ட இரண்டு இடங்களிலும், தினமும் பள்ளிக்கு ஓட்டுவது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். கையெழுத்துப் போட்டாயிற்றே என்றார்கள். மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். வாங்குவதற்கு முந்தைய இரவு மகன் ஆசையாக அந்த விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்திருந்தான். இப்போது எங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். நான் தொலைபேசியில் பேசிய மறுநாளே ‘தொழிற்சாலையிலிருந்தே வி8’ என்ற வரியைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.