மழைநீர் பைப் வேலைக்கு ஆள் விடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

சென்னை கொளத்தூர் பக்கம் பதினாலு வீடுகள் கொண்ட பழைய அப்பார்ட்மெண்ட் எங்களுடையது. போன வருடம் சங்கத்துக்கு நான் செயலாளர். யாரும் வராததால் என் தலையில் கட்டிய பதவி. அந்த வருடத்தில் நான் செய்த ஒரே பெரிய காரியம், பதினாலு வீட்டுக் காசையும் ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்து ஏமாந்ததுதான். அவர் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி ஆட்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

மொட்டை மாடியிலிருந்து ஆறு மழைநீர் பைப்கள் இறங்குகின்றன. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது அவசர அவசரமாக ஒரு குழி வெட்டியிருக்கிறார்கள். அது மண் மூடிப்போய் எத்தனையோ வருடம். பைப் தண்ணீர் எல்லாம் கார் நிறுத்துகிற இடத்தில் விழுந்து, அங்கிருந்து பக்கத்து வீட்டு மதில் ஓரம் தேங்கும். அவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான், நம் கூரைத் தண்ணீரை அடுத்தவர் மனையில் விட நமக்கு என்ன உரிமை?

சரி, ஒழுங்காகச் செய்துவிடுவோம் என்று விசாரித்ததில் இந்த ஆள் வந்தார். ஆறு பைப்பையும் இணைத்து, வடிகட்டும் தொட்டி கட்டி, பதினைந்து அடி ஆழத்தில் சிமெண்ட் வளைய உறை இறக்கி, கிணறு மாதிரி செய்து தருவதாகச் சொன்னார். 1,60,000 கேட்டு 1,40,000-க்கு இறங்கினார். வீட்டுக்குப் பத்தாயிரம். மழை வரப் போகிறது சார், உறை விலை ஏறிடும் சார் என்று அவசரப்படுத்தி 1,10,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். என்னென்ன வேலை என்று எழுத்தில் எதுவும் இல்லை. பில் கேட்டதற்கு, பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார் என்றார். நானும் தலையாட்டினேன். இது முழுக்க என் தப்பு.

வேலை நடந்த நான்கு நாளும் வார நாட்கள், நான் அலுவலகத்தில். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்துகொண்டே இருந்தது. ஆழமான குழி, உள்ளே வரிசையாக உறைகள், சுற்றிலும் மஞ்சள் மணல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் தோண்டினால் வருவது கறுப்புக் களிமண். கடற்கரையோரப் பெசன்ட் நகரில் தோண்டினால் வருகிற மணல் கொளத்தூரில் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அக்டோபர் கடைசியில் முதல் பெரிய மழை. இரவு பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "என்ன தம்பி, பைப் வேலை முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் அவர் வீட்டு பாத்ரூம் ஜாலி வழியாகக் குடகுடவென்று சாக்கடைத் தண்ணீர் மேலே வருகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் நீர்மட்டம் விளிம்பு வரை நிற்கிறது. தெருவில் மேன்ஹோல் பொங்கவில்லை. எங்கள் கட்டடத்தில் மட்டும்தான்.

மறுநாள் வேறு ஒரு பிளம்பரை அழைத்தேன், வயதானவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மழைத்தண்ணி எங்க சார் போகுது?" நான் புதுக் குழியைக் காட்டினேன். சிரித்துவிட்டு, கடையில் ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்கி வரச் சொன்னார். மாடிக்குப் போய் ஒரு பக்கெட் தண்ணீரில் அதைக் கொஞ்சம் கலக்கி முதல் பைப்பின் வாயில் ஊற்றினேன். அவர் கீழே கடப்பாரையால் சாக்கடைச் சேம்பரின் மூடியை நெம்பித் திறந்து வைத்திருந்தார். நான் மூச்சு வாங்க இறங்கி வருவதற்குள் சேம்பருக்குள் நீலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பைப்பில் நான்கு அப்படி. மற்ற இரண்டும் தரைக்கடியில் ஓரடி போய் மண்ணில் முடிந்திருந்தன.

குழியின் மூடியைத் திறந்து, கயிற்றில் செங்கல் கட்டி இறக்கினார். நாலடியில் டொக்கென்று நின்றது. நாலே உறைகள். அடியில் உடைந்த சிமெண்ட் கட்டியும் சாக்குப் பையும்.

கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி சுமார் 4,000 சதுர அடி, அதாவது 370 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு 37,000 லிட்டர். கோடையில் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிற 12,000 லிட்டர் லாரி மூன்று. அதில் பெரும்பகுதியை ஆறு அங்குலச் சாக்கடைக் குழாயில் திருப்பிவிட்டால் அது எங்கே போகும்? தாழ்வான வீட்டுக்குள்தான் வரும்.

போன் செய்து கேட்டதற்கு அந்த ஆள் அசரவில்லை. "சார், சென்னை முழுக்க இப்படித்தான் சார். மழைத்தண்ணி போனா சாக்கடை கிளீன் ஆகும் சார்." இதை நம்பிவிடாதீர்கள். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது என்று கழிவுநீர்க் குழாயையும் பார்த்துக்கொள்கிற குடிநீர் வாரியம் சொல்கிறது. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவதும் குற்றம், அதை மாநகராட்சி பார்க்கும். இரண்டும் வேறு வேறு குழாய், வேறு வேறு அலுவலகம். நம் ஆள் மண்ணைத் தோண்டுகிற கூலியை மிச்சப்படுத்தப் பக்கத்திலிருந்த சேம்பரில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

புகார் கொடுக்கலாம் என்று வக்கீல் நண்பரிடம் போனேன். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் பதினைந்து அடி என்று அவர் சொன்னதற்கு எழுத்து எங்கே என்றார். இல்லை. பாக்கி 30,000-ஐக் கொடுக்காமல் நிறுத்தியதோடு சரி.

அந்தப் பெரியவரிடமே வேலையைக் கொடுத்தோம், இன்னொரு 95,000. களிமண்ணில் வெறும் குழி போதாது, உறைக்கு நடுவில் துளை போட்டு மணல் வருகிற ஆழம் வரைக்கும் போகணும் என்று விளக்கினார். கூழாங்கல், ஜல்லி, மணல் போட்ட வடிகட்டும் தொட்டி. மிஞ்சுகிற தண்ணீர் தெரு வடிகாலுக்கு. ஒவ்வொரு பைப்பையும் மண் மூடுமுன் என்னை நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நானும் இந்த முறை லீவு போட்டேன். ஊற்றிக் காட்டிய பிறகுதான் அந்தந்த வேலைக்குப் பணம், அதையும் அவரே சொன்னார்.

நடுவில் இன்னொரு கூத்து. மழையே இல்லாத நாளில் ஒரு பைப்பிலிருந்து நுரை வந்தது. மூன்றாம் மாடிக்காரர் பால்கனியில் வாஷிங் மெஷினை வைத்து, அந்தத் தண்ணீரை மழைநீர் பைப்பில் விட்டிருந்தார். அப்படியே விட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் நேராக நிலத்தடிக்குப் போயிருக்கும். கேட்டால், என் பால்கனி, என் பைப் என்கிறார். பால்கனி அவருடையதுதான். மாடியும் அதிலிருந்து இறங்குகிற பைப்பும் பதினாலு பேருக்கும் பொது என்று பத்திரத்தைக் காட்டிப் புரியவைக்க மூன்று கூட்டம் ஆனது. பொதுப் பைப்பில் யாரும் எதையும் சொருகக் கூடாது என்று தீர்மானம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் சங்கத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் வேலையைத் தொடங்குமுன் எழுதிவிடுங்கள். தொடங்கிய பிறகு எழுதினால் சண்டைதான்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு அப்பார்ட்மெண்ட் வாசலில் நாலு உறை இறங்கியிருப்பதைப் பார்த்தேன். அதே ஆளின் பைக் நின்றது. உள்ளே போய் அந்தச் சங்கத்துச் செயலாளரைப் பார்த்து, எங்களிடம் மீதமிருந்த பாதி பாட்டில் சொட்டு நீலத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.