தட்டான் படம் எடுக்க கேனன் 100 எம்எம் எல் மேக்ரோ, எட்டு மாசம் கழிச்சு

சின்ன வயசுல தட்டான் வால்ல நூல் கட்டி விட்ட பாவம்தான் இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா அஞ்சரைக்கே எந்திரிச்சு பெரும்பாக்கம் ஏரிக்கரை சேத்துல முட்டி போட வைக்குதுன்னு வீட்ல சொல்றாங்க. இருக்கும்.

லென்ஸ் 2009ல வந்த ஈஎஃப் மாடல், கேனன் எஸ்எல்ஆர் கேமராவுல மாட்டுறது. மேக்ரோன்னா சின்னப் பொருள கிட்டத்துல போய் பெருசா எடுக்குற லென்ஸ். செகண்ட் ஹேண்ட்ல 38,000க்கு எடுத்தேன். அதுக்கு முன்னாடி கேமராவோட வந்த கிட் லென்ஸுக்குப் பின்னாடி எக்ஸ்டென்ஷன் டியூப்னு ஒரு வெத்துக் குழாய மாட்டி ஒப்பேத்திட்டு இருந்தேன், க்ளோசப் நல்லாவே வரும், ஆனா லென்ஸ கொண்டுபோய் தட்டான் மூஞ்சில இடிக்கணும், அதுவரைக்கும் எந்தத் தட்டான் உக்காந்திருக்கும் சொல்லுங்க. இதுல முழு 1:1, அதாவது பொருள் அதோட நிஜ சைஸ்லயே சென்சார்ல விழுற அளவு, அதுக்குப் போனாக்கூட லென்ஸ் முனைக்கும் தட்டானுக்கும் நடுவுல அரை சாணுக்கு மேல இடம் இருக்கு. நான் காசு குடுத்தது அந்த அரை சாணுக்குத்தான்.

எல்லாரும் 1:1 1:1னு அடிச்சுக்குறாங்க, ஆனா என்னோடது மாதிரி ஏபிஎஸ்-சிங்கிற சின்ன சென்சார் கேமராவுல ஃப்ரேம் அகலமே சுமார் 22 மில்லிமீட்டர்தான், தட்டான் மூணு நாலு சென்டிமீட்டர் இருக்கும், 1:1 வச்சா பாதி உடம்பு வெளிய போயிடும். முழுசா வேணும்னா பின்னாடி தள்ளித்தான் உக்காரணும். 1:1 மூஞ்சிக்கு மட்டும். அங்க லென்ஸ் துவாரத்த எஃப் 8க்குச் சுருக்கி வச்சாலும் ஃபோகஸ்ல நிக்குறது ஒரு மில்லிமீட்டர்கூட தேறாது, கண்ணு ஷார்ப்பா வந்தா வாய் மங்கிடும், நம்ம மூச்சு விட்டாலே காலி. கை நடுக்கத்த சமாளிக்குற ஸ்டெபிலைசேஷன் நாலு ஸ்டாப்னு போட்டிருக்கே (ஒரு ஸ்டாப்னா ஷட்டர் நேரம் ரெண்டு மடங்கு), அது தூரத்துக்கு, 1:1ல ரெண்டு ஸ்டாப்தான்னு கேனனே சொல்லுது. லென்ஸ ட்ரைபாட்ல மாட்டுற காலர் வேற தனியா வாங்கணும், அது எனக்கு கடுப்புதான்.

முதல் மாசம் ஆட்டோஃபோகஸ் முன்னப் பின்ன ஓடிட்டே இருந்துச்சு, லென்ஸத் திட்டிட்டு இருந்தேன். பாத்தா சைடுல இருக்குற, ஃபோகஸ் தேடுற தூரத்த குறைக்குற லிமிட்டர் ஸ்விட்ச ஃபுல்லுலயே விட்டு வச்சிருக்கேன். இப்ப கிட்டத்துக்கு மேனுவல்ல வச்சுட்டு உடம்பத்தான் முன்ன பின்ன ஆட்டுறேன்.

இங்க ஈஸியா கிடைக்குறது டிச் ஜுவல்ங்கிற தட்டான், அழுக்குத் தண்ணி ஓரத்துலகூட இருக்கும், ஆண் ஆரஞ்சு கலர். சாக்கடைக்கு நகைன்னு பேர் வச்சவன் மெட்ராஸப் பாத்துட்டுத்தான் வச்சானோ என்னவோ. பறந்து போயிட்டா துரத்தாதீங்க, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும், நிழல் மட்டும் அது மேல விழக்கூடாது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போனா றெக்கை எல்லாம் பனித்துளியோட அசையாம இருக்கும். போன மாசம் அப்படி ஒண்ண எடுத்து வீட்ல பெருசு பண்ணிப் பாத்தா நெஞ்சுக்கு அடியில சிவப்பா பொடிப் பொடியா ஒட்டிட்டு இருக்கு, கசகசா சைஸு. அத்தனையும் உயிரோட இருக்குற வாட்டர் மைட், உண்ணி மாதிரி பொடி ஒட்டுண்ணி, தண்ணில இருந்து தொத்திட்டு வந்தது. வெறும் கண்ணுல ஒண்ணுமே தெரியல.

பழசு வாங்குறவங்க மொபைல் டார்ச்ச பின்பக்கமா அடிச்சு உள்ள பாத்துட்டு வாங்குங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸ் கண்ணாடில ஃபங்கஸ், அதான் பூஞ்சை, சர்வ சாதாரணம். நான் முதல்ல பாத்த பீஸ்ல ஓரமா சிலந்தி வலை மாதிரி இருந்துச்சு. கடைக்காரர் வெறும் தூசின்னாரு. சரிண்ணேன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.