ரிப்போர்ட்டில் எல்லாம் ‘சரி’, டிரைவுக்குள் பழைய ஃபேன்

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களை ஆண்டு ஒப்பந்தத்தில் வெளியாட்களிடம் விட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கூலிங் வாட்டர் பம்ப்பை ஓட்டும் 75 கிலோவாட் டிரைவ், சூடேறி இரண்டு முறை டிரிப் ஆனது. மூன்றாம் முறை ரீசெட் செய்து ஓட்டியபோது, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் ஐஜிபிடி மாட்யூல் வெடித்துவிட்டது. ஒன்றரை நாள் உற்பத்தி நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துபோன சர்வீஸ் நிறுவனத்தின் கடைசி ரிப்போர்ட்டில், “கூலிங் ஃபேன் மாற்றப்பட்டது, டெர்மினல்கள் இறுக்கப்பட்டன” என்று இருக்கிறது. ஃபேனுக்குத் தனி பில்லும் வாங்கினார்கள்.

திறந்து பார்த்தோம். வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளிபோல அடைந்திருந்தது. ஃபேனைக் கையால் சுழற்றினால் கரகரத்தது. லேபிளில் டிரைவ் தயாரான அதே ஆண்டு.

ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நான்கிலும் டிசி பஸ் (ஏசி சப்ளை டிரைவுக்குள் டிசியாக மாறி நிற்கும் இடம்) 586.4 வோல்ட்! சப்ளையில் ஒரு வோல்ட் கூடினால் பஸ்ஸில் ஏறத்தாழ 1.4 வோல்ட் கூடும். ஓர் ஆண்டு முழுக்கப் புள்ளிகூட மாறாமல் எப்படி இருக்கும்? அதைவிடப் பெரிய பொய் டெர்மினல் (ஒயர் இணைப்பு) விஷயம். அதை இறுக்க வேண்டுமென்றால் சப்ளையைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் உள்ள சார்ஜ் இறங்கும்வரை காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க முடியும். அவர்கள் வந்த நான்கு நாளும் பம்ப் நிற்கவே இல்லை என்கிறது எங்கள் ஷிப்ட் பதிவேடு. கையெழுத்துப் போடும்போதே நான் அதை ஒப்பிட்டிருக்க வேண்டும்.

கேட்டதற்கு, “உங்கள் சப்ளை சரியில்லை” என்றார்கள். டிரைவின் ஃபால்ட் பதிவில் இருப்பதோ வெப்ப டிரிப் மட்டும்தான். வோல்டேஜ் டிரிப் ஒன்றுகூட இல்லை. பழுது பார்க்க வந்த அவர்களுடைய ஆள், மோட்டார் கேபிளைக் கழற்றாமலே மெக்கர் (அதிக வோல்டேஜ் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைக்கப் போனார். எங்கள் எலக்ட்ரீஷியன் தடுத்திராவிட்டால் புது மாட்யூலும் போயிருக்கும்.

இப்போது கழற்றிய பழைய ஃபேன் என் மேஜைக்கு வராமல் பில் பாஸ் ஆகாது. டிரைவ் நின்ற நேரம், ஓடிய நேரம் இரண்டையும் நாங்களே குறிக்கிறோம்.

மற்ற ஆறு டிரைவ்களையும் திறந்தோம். நான்கில் ‘மாற்றிய’ ஃபேன் பழையதுதான். வெப்பம் 10 டிகிரி கூடினாலே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அந்த நான்கிலும் இனி கெப்பாசிட்டர்களையும் சோதிக்க வேண்டும்.