திக்சேயா லாமாயுருவா? லடாக்ல ஒரு நாள்தான் மிச்சம்னா எந்த மடாலயத்துக்குப் போறது

லே போற ப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்கிட்ட கேக்கிறது இதைத்தான், கோம்பா (அதான் புத்த மடாலயம்) ஒண்ணுதான் பாக்க முடியும், எது நல்லாருக்கும்னு. ரெண்டுமே போயிருக்கேன், ரெண்டுமே புடிக்கும், ஆனா ரெண்டும் சுத்தமா வேற வேற அனுபவம்.

திக்சே லேயிலிருந்து 19 கிமீதான், மணாலி ரோட்டுல. மலைச்சரிவு முழுக்க வெள்ளை வெள்ளையா பிக்குகளோட வீடுங்க அடுக்கடுக்கா ஏறி உச்சியில சிவப்பும் மஞ்சளுமா கோம்பா நிக்கும், 12 அடுக்கு, லாசாவுல இருக்கற பொட்டாலா அரண்மனை மாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொல்றது சும்மா இல்ல. உள்ள மைத்ரேய புத்தர் சிலை, 15 மீட்டர், ரெண்டு மாடி உயரம். 1970ல தலாய் லாமா வந்துட்டுப் போனதோட நினைவா செஞ்சது. நீங்க மேல் தளத்துல நுழையறதால அந்த முகம் நேரா உங்க கண்ணு முன்னாடி வந்து நிக்கும், அந்த நொடியில எனக்குப் பேச்சே வரல.

ஆனா திக்சேக்குப் பத்து மணிக்கு மேல போகாதீங்க, ப்ளீஸ். விடியக்காலையில போங்க. மொட்டை மாடியில ரெண்டு பிக்குங்க நீள நீளமான கொம்பு ஊதுவாங்க, சத்தம் சிந்து பள்ளத்தாக்கு பூரா போகும், அப்புறம் பிரார்த்தனை ஹால்ல ஓரமா உக்காந்துக்கலாம். சின்னச் சின்னப் பசங்க கெண்டியைத் தூக்கிட்டு ஓடி ஓடி வெண்ணெய் டீ ஊத்துவாங்க, உப்பா இருக்கும், மொத வாய் குடிக்கும்போது டீன்னு நினைக்காம சூப்னு நினைச்சுக்குங்க, புடிச்சிரும்.

லாமாயுரு அப்படி இல்ல. லேயிலிருந்து ஸ்ரீநகர் ரோட்டுல சுமார் 120 கிமீ, போக மட்டும் மூணு மணி நேரத்துக்கு மேல. கோம்பாவை விட அது நிக்கிற இடம்தான் அங்க விஷயம். சுத்தி மஞ்சள் மண்ணு, மெழுகு உருகி வழிஞ்ச மாதிரி மடிப்பு மடிப்பா, மூன்லேண்ட்னு சொல்றாங்க. ஒரு காலத்துல அங்க ஏரி இருந்துச்சு, அந்த ஏரியோட களிமண்ணுதான் காத்துலயும் தண்ணியிலயும் அரிச்சு இப்படி ஆயிருக்கு. அந்த ஏரி வத்துனதுக்கு ஊர்ல ஒரு புராணக் கதையும் இருக்கு, நரோபாங்கற பழைய காலத்து பௌத்த துறவி தவம் பண்ணதா சொல்ற சின்ன குகை கோம்பாவுக்குள்ளயே இருக்கு.

மொத தடவை நாங்க அங்க 40 நிமிஷம்தான் நின்னோம், போட்டோ எடுத்தோம், கெளம்பிட்டோம். ரெண்டாவது தடவை ராத்திரி தங்கினேன். டூரிஸ்ட் வண்டியெல்லாம் போனப்புறம் சாயங்கால வெயில்ல அந்த மண்ணு நிறம் மாறிட்டே இருக்கும், காத்துச் சத்தம் தவிர ஒண்ணுமில்ல. அதுக்காகவே திரும்பப் போவேன்.

அதனால, கூட அப்பா அம்மா இருந்தா, இல்ல லே வந்து மூணாவது நாள்தான்னா, யோசிக்காம திக்சே. படி ஏறணும், மெதுவா ஏறுங்க, 3,600 மீட்டர் உயரத்துல மூச்சு வாங்கும், லேயில ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்காம எங்கயுமே போகாதீங்க. லாமாயுரு ஒரு நாள்ல போயிட்டு வரலாம்தான், ஆனா பாதி நாள் வண்டியிலயே போயிடும், அதுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ராத்திரி தங்க முடியும்னா, இல்ல கார்கில் பக்கமா வர்றீங்கன்னா கண்டிப்பா லாமாயுரு. அந்தப் பக்கமிருந்து 4,108 மீட்டர் உயர ஃபோட்டு லா கணவாய் தாண்டி இறங்கும்போது ஒரு வளைவுல திடீர்னு கோம்பா தெரியும், டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.